அச்சில் மட்டும் ஒரு நாள் முந்திய பிறந்த திகதிகள்: கொழும்பு மருத்துவ நிலையமொன்றின் இணையச் செயலியில் நேர்ந்த பிழை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பில் இயங்கும் தனியார் மருத்துவ நிலையமொன்று, நோயாளர் பதிவு, வைத்தியர் முன்பதிவு, ஆய்வுகூட அறிக்கை ஆகிய மூன்றையும் ஒரே இணையச் செயலியில் நடத்தி வந்தது. அதைப் பராமரித்தது நால்வர் கொண்ட எமது சிறு குழு. நிலையத்தின் வருமானத்தில் கணிசமான பகுதி, வெளிநாட்டு வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்வோருக்கான மருத்துவப் பரிசோதனை அறிக்கைகளிலிருந்து வந்தது. அவ்வறிக்கைகளில் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி ஆகியவை கடவுச்சீட்டில் உள்ளவாறே இருந்தாக வேண்டும். ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ மாறினாலும் பெறுபவர்கள் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செயலியின் அமைப்பு வழக்கமானதுதான். பதிவு மேசையில் இருக்கும் ஊழியர் உலாவியில் தோன்றும் நாட்காட்டியிலிருந்து பிறந்த திகதியைத் தெரிவு செய்வார். அந்த நாட்காட்டி, ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் திகதிப் பொருளாக, அதாவது அந்த நாளின் நள்ளிரவு 00:00 மணியாக, அதைக் கொடுக்கும். சேர்வருக்கு அனுப்பும்போது அது யூடிசி (UTC) எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றப்படும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அந்த யூடிசி நேரமே சேமிக்கப்படும். அறிக்கையை அச்சிடும் பகுதி பிஎச்பி மொழியில் எழுதப்பட்டிருந்தது. அது சேமித்த நேரத்தோடு 330 நிமிடங்களைக் கூட்டி, வரும் விடையின் திகதிப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து அச்சிடும்.

அந்த 330 நிமிடங்களுக்கு ஒரு கதை இருந்தது. முதலில் எழுதிய செய்நிரலாளர், மைஎஸ்கியூஎல் தரும் நேர வலய மாற்றுச் சார்பை, அதாவது ஒரு வலயத்தின் நேரத்தை இன்னொரு வலயத்துக்கு மாற்றித் தரும் கட்டளையைத்தான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார். 1970-க்கு முந்திய நேரங்களை அச்சார்பு மாற்றாமல் அப்படியே திருப்பித் தருவதால், வயதானவர்களின் திகதிகள் பிழைத்தன. ஆகவே அதைக் கைவிட்டு நேரடியாக ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிவிட்டு, "இலங்கையில் கோடைகால நேரமாற்றம் இல்லை, இதுவே போதும்" என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். அக்குறிப்பைப் படித்த எங்களில் எவருக்கும் ஐயம் எழவில்லை. அது இன்றைய நிலைக்குச் சரியான வாக்கியம் என்பதே காரணம்.

முதல் முறைப்பாடுகள்

ஒரே வாரத்தில் மூன்று அறிக்கைகள் திரும்பி வந்தன. மூன்றிலும் பிறந்த திகதி கடவுச்சீட்டில் உள்ளதைவிட ஒரு நாள் முந்தியிருந்தது. அவற்றுள் ஒன்று, 1998 மார்ச் 10-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குரியது. அறிக்கையில் மார்ச் 9 என்று அச்சாகியிருந்தது. தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொண்ட பதிவு மேசை ஊழியர், அவருடைய பதிவைத் திரையில் திறந்தபோது அங்கே 10 என்றே இருந்தது. மறுபடி அச்சிட்டார்; மறுபடியும் 9 வந்தது. எங்களுக்குத் தொலைபேசியில் அவர் சொன்ன முதல் வாக்கியம், "திரையில சரியாத்தான் இருக்கு, பிரிண்டர்தான் பிழை" என்பது. பிரிண்டரைக் குறை கூறியதை அப்போது வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் பிழை இருந்த திசையை எங்களைவிடத் துல்லியமாகக் காட்டியவர் அவரே.

நாளும் மாதமும் இடம் மாறியிருக்கலாம் என்பதே எமது முதல் ஊகம். சாய்கோடிட்டு எழுதப்படும் 10/03 போன்ற திகதியை பிஎச்பி அமெரிக்க முறையில் மாதத்தை முதலாகக் கொண்டு வாசிக்கும், இடைக்கோடிட்டு எழுதினால் நாளை முதலாகக் கொள்ளும் என்பதால், அத்தகைய பிழையை முன்னரும் கண்டிருக்கிறோம். ஆனால் அப்படி நேர்ந்திருந்தால் மார்ச் 10 ஒக்டோபர் 3 ஆகியிருக்க வேண்டும். வித்தியாசம் எப்போதும் சரியாக ஒரு நாளாக இருக்காது. யூடிசி மாற்றத்தை ஓரிடத்தில் மறந்துவிட்டோம் என்பது இரண்டாவது ஊகம். அதைச் சோதிக்க 1975-இல் பிறந்த ஒருவரின் பதிவை அச்சிட்டோம், சரியாக வந்தது. 1990-இல் பிறந்தவருடையதும் சரியாக வந்தது. மறந்திருந்தால் எல்லோருடையதும் பிழைத்திருக்க வேண்டும்.

வெளிநாடு செல்வோரில் பெரும்பாலோர் இளைஞர்கள் ஆகையால், முறைப்பாடுகள் இளைஞர்களிடமிருந்து மட்டும் வருவது எங்களுக்கு ஒரு தடயமாகத் தோன்றவில்லை. அந்தக் கவனக்குறைவு இரண்டு நாட்களைத் தின்றது.

மூன்றாம் மேசை

நிலையத்துக்கு நேரில் சென்றபோது ஒரு விடயம் தெரிய வந்தது. பதிவு மேசைகள் மூன்று. மூன்றாவது மேசையில் பதிவானவர்களின் அறிக்கைகள் எதுவும் திரும்பி வரவில்லை. அங்கிருந்த ஊழியர், "மற்றவர்கள் போடும் திகதிகளை நான் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கிறது" என்று சற்றுச் சலிப்போடு சொன்னார். மற்ற இருவரும் கவனமில்லாதவர்கள் என்பது அவருடைய எண்ணம். மேற்பார்வையாளரும் அப்படியே நம்பியிருந்தார்.

1998 மார்ச் 10-இல் பிறந்த அதே பெண்ணின் பதிவை மூன்று கணினிகளிலும் திறந்தோம். முதல் இரண்டிலும் 10 என்றும், மூன்றாவதில் 9 என்றும் காட்டியது. தரவுத்தளத்தில் இருந்ததோ ஒரே வரி: 1998-03-09 18:00:00. கணினிகளின் அமைப்பைப் பார்த்தோம். முதல் இரண்டிலும் விண்டோஸ் நேர வலயம் இலங்கைக்குரிய "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்று இருந்தது. மூன்றாவதை நிறுவியவர் யாரோ "சென்னை, கொல்கத்தா, மும்பாய், புதுடில்லி" என்பதைத் தெரிவு செய்திருந்தார். இரண்டும் இன்று யூடிசியை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தியவையே. சுவர் மணிக்கூட்டோடு ஒப்பிட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது.

நாங்கள் மூவரும் அந்த 18:00-ஐப் பார்த்தவாறு நின்றோம். கொழும்பு நள்ளிரவு என்றால் யூடிசியில் முந்திய நாள் 18:30 ஆக வேண்டும். அரை மணித்தியாலம் எங்கே போயிற்று என்பதை விளக்கியவர், அறையின் ஓரத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதிய கணக்காளர். "தம்பிமார், தொண்ணூற்றாறிலை மணிக்கூட்டை மாத்தினவங்கள் எல்லோ, உங்களுக்குத் தெரியாதோ?" என்றார். எங்கள் குழுவில் மூத்தவருக்கே அப்போது இரண்டு வயது.

18:30, 18:00, 17:30

மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் பொருட்டு 1996 மே 25-இல் இலங்கை தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தியது. யூடிசியை விட முந்தியிருக்கும் அளவு ஐந்தரை மணித்தியாலத்திலிருந்து ஆறரை ஆயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 26-இல் அரை மணித்தியாலம் பின்னே நகர்த்தி ஆறாக்கியது. அந்த ஆறு மணித்தியாலம் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்து, 2006 ஏப்ரல் 15-இல், புத்தாண்டுக்கு மறுநாள், பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. (அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை, கணக்காளர் அதையும் நினைவுகூர்ந்தார். கணினியின் நேர வலயப் பட்டியலில் அப்பகுதிகளுக்கெனத் தனி வலயம் கிடையாது.)

உலாவிகள் இந்த வரலாற்றை அறியும். அவை பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் "ஏசியா/கொலம்போ" என்ற பெயரின் கீழ் இம்மாற்றங்கள் யாவும் பதிவாகியுள்ளன. ஆகவே கொழும்பு வலயத்தில் உள்ள உலாவி, 1998 மார்ச் 10 நள்ளிரவை யூடிசிக்கு மாற்றும்போது ஆறு மணித்தியாலத்தைக் கழித்து 18:00 என்று சேமித்தது. திரும்பக் காட்டும்போதும் ஆறு மணித்தியாலத்தைக் கூட்டியதால் திரையில் 10 என்றே தெரிந்தது. அச்சுப் பகுதியோ ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டி 9-ஆம் திகதி இரவு 23:30-ஐ அடைந்தது. நாளின் பகுதியை வெட்டியெடுத்தால் 9. இந்திய வலயத்தில் இருந்த மூன்றாம் கணினிக்கு 1998-இல் ஐந்தரை மணித்தியாலம்தான் தெரியும் என்பதால், அது அச்சுப் பகுதியோடு ஒத்துப்போயிற்று. கவனமான ஊழியர் என்று பெயரெடுத்தவர் உண்மையில் கவனமானவர்தான். ஆனால் அவர் திருத்தியவை சகஊழியர்களின் பிழைகள் அல்ல.

இந்த விளக்கம் சரியானால் இரண்டு முன்கூற்றுகள் நிறைவேற வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டோம். 1996 மே மாதத்துக்கும் ஒக்டோபருக்கும் இடையில் பிறந்தோரின் பதிவுகளில் 17:30 என்று இருக்க வேண்டும், இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் இலங்கையில் மணிக்கூடு முன்னோக்கி நகர்த்தப்பட்டிருந்ததால், 1942 தொடக்கம் 1945 ஒக்டோபர் நடுப்பகுதி வரை பிறந்த முதியவர்களின் அச்சிலும் ஒரு நாள் குறைய வேண்டும். 1943-இல் பிறந்த ஒருவரின் பதிவைத் தேடியெடுத்து அச்சிட்டோம். ஒரு நாள் குறைந்தே வந்தது. இந்தியாவும் அவ்வாண்டில் ஆறரை மணித்தியாலத்தில் இருந்ததால், மூன்றாம் மேசையில் பதிவாகியிருந்தால்கூட அவர் தப்பியிருக்கமாட்டார். அத்தகைய முதியவர்கள் எவரும் வெளிநாட்டு வேலைக்குப் போகாததால் முறைப்பாடும் வரவில்லை.

எல்லை நாட்கள் இரண்டையும் தனித்துப் பார்த்தோம். 1996 மே 25-இல் கொழும்பில் நள்ளிரவு 00:00 என்ற நேரமே இல்லை. மணிக்கூடு நேராக 01:00-க்குத் தாவியது. உலாவி அதை 01:00 என்று எடுத்துக்கொண்டதால் அன்று பிறந்தோரின் திகதி சரியாக அச்சானது. 2006 ஏப்ரல் 15-இலோ மணிக்கூடு 00:30-இலிருந்து 00:00-க்குத் திரும்பியதால் நள்ளிரவு இருமுறை வந்தது. உலாவி முதலாவதைக் கொண்டதால் அன்றைய திகதி பிழைத்தது. ஆகவே பாதிக்கப்பட்டோர், போர்க்காலத்தவர் நீங்கலாக, 1996 மே 26 முதல் 2006 ஏப்ரல் 15 வரை பிறந்தவர்கள்.

அவசரத்தில் எடுத்த முதல் முடிவு

காரணம் புரிந்த மகிழ்ச்சியில் அன்று மாலையே அச்சுப் பகுதியில் 330 நிமிடங்களை அகற்றி, "ஏசியா/கொலம்போ" வலயத்தின்படி மாற்றும் வகையில் செய்நிரலைத் திருத்தினோம். சோதித்தவை அனைத்தும் சரியாக வந்தன. மறுநாள் நண்பகலுக்குள் இரண்டு அறிக்கைகள், இம்முறை ஒரு நாள் பிந்திய திகதியோடு அச்சாயின.

முதல் மேசை ஊழியரிடம் ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. அச்சில் ஒரு நாள் குறைவதைப் பல மாதங்களுக்கு முன்பே கவனித்த அவர், முறைப்பாடு செய்து காத்திருக்க நேரமில்லாததால், குறையும் என்று தெரிந்தவர்களுக்கு ஒரு நாளைக் கூட்டிப் பதிந்து வந்திருக்கிறார். மார்ச் 10 என்றால் 11 என்று பதிவார். அச்சில் 10 வரும். குறிப்பேட்டில் அவ்வாறு பதிந்தவர்களின் இலக்கங்கள் சிலவற்றை எழுதியிருந்தார், எல்லாவற்றையும் அல்ல. எமது திருத்தம் அவருடைய திருத்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாற்றத்தை அன்றே பின்வாங்கி, பிறந்த திகதி அச்சாகும் ஒவ்வோர் அறிக்கையையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட்ட பிறகே வெளியிடுவது என்று நிலையத்தோடு உடன்பட்டோம்.

அடையாள அட்டை இலக்கம்

எது உண்மையான திகதி, எது கூட்டிப் பதிந்த திகதி என்பதை எமது தரவிலிருந்து மட்டும் பிரித்தறிய வழியில்லை. தேசிய அடையாள அட்டை இலக்கமே துணைக்கு வந்தது. பழைய பத்து இட இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும்; பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இட இலக்கத்தில் ஆண்டு நான்கு எண்களாக இருக்கும், நாள் அதே முறைதான். பாதிக்கப்பட்ட இளைஞர்கள் அனைவரும் அட்டை பெறும் வயதைக் கடந்திருந்தனர்.

எமது சரிபார்ப்புச் செய்நிரலின் முதல் ஓட்டம் எங்களைத் திகைக்க வைத்தது. அந்தப் பெண்ணின் இலக்கம் 98570 என்று தொடங்கியது. 500-ஐக் கழித்தால் 70. 1998-இன் எழுபதாவது நாள் மார்ச் 11. அச்சில் 9, கடவுச்சீட்டில் 10, அட்டையில் 11 என்று மூன்று திகதிகள். மார்ச்சிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களில், 1996, 2000, 2004 ஆகிய ஆண்டுகளில் பிறந்தோருக்கு மட்டும் அட்டையும் கடவுச்சீட்டும் ஒத்துப்போயின. அவை நெட்டாண்டுகள் என்பதைக் கவனித்த பிறகே விடை கிடைத்தது: அடையாள அட்டை இலக்கம் எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்றே எண்ணுகிறது. 31-உம் 29-உம் 10-உம் சேர்ந்து 70. ஒரு நாள் பிழையைத் தேடப் போனவர்கள் இன்னோர் ஒரு நாள் பிழையை நாமே உண்டாக்கிக்கொண்டோம்.

அதைத் திருத்திய பின், பதிவுகள் மூன்று வகையாகப் பிரிந்தன. கொழும்பு வலயத்தின்படி வாசித்த திகதி அட்டையோடு ஒத்தவை. ஒரு நாள் கூடியவை, அதாவது மேசையில் கூட்டிப் பதிந்தவை. அட்டை இலக்கமே இல்லாதவை. முதல் இரண்டையும் செய்நிரல் மூலம் திருத்தினோம், ஆனால் பழைய பெறுமதியைத் தரவுத்தளத்தின் வேறொரு நிரலில் அழிக்காமல் வைத்துக்கொண்டோம். மூன்றாம் வகையை எவ்வகையிலும் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். ஊகித்துத் திருத்திய திகதி, பிழையான திகதியைவிட மோசமானது என்பது எமது வாதம். நிலையத்தின் முகாமையாளர் அதை ஏற்கச் சற்றுத் தயங்கினாலும் ஏற்றுக்கொண்டார்.

சேமிக்கும் முறையை மாற்றியது

பிறந்த திகதி ஒரு நேரப்புள்ளி அல்ல. அது நாட்காட்டியில் உள்ள ஒரு கட்டத்தின் பெயர். அதற்கு மணி இல்லை, நேர வலயமும் இல்லை. அதை நள்ளிரவாக்கி, யூடிசியாக்கி, மீண்டும் திகதியாக்கியதே எல்லாவற்றுக்கும் வேர். ஆகவே தரவுத்தளத்தில் பிறந்த திகதிக்குரிய நிரலை நேரம் சேராத வெறும் திகதி வகைக்கு மாற்றினோம். உலாவியிலிருந்து சேர்வர் வரை அது ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 வடிவில், 1998-03-10 என்ற எழுத்துச் சரமாக மட்டுமே பயணிக்க வேண்டும் என்று வரையறுத்தோம்.

இதைக் கண்ட எமது குழுவின் இளையவர், யூடிசியையே எல்லா இடத்திலிருந்தும் அகற்றிவிடலாம் என்றார். மற்றவர்கள் அதற்கு உடன்படவில்லை. இரத்த மாதிரி எடுத்த நேரம் நிகழ்ந்து முடிந்த ஒரு நேரப்புள்ளி. அதற்கு யூடிசியே பொருத்தம். அடுத்த மாதம் மாலை 5.30-க்கு உள்ள வைத்தியர் முன்பதிவோ வேறு வகை: அரசாங்கம் நாளை மணிக்கூட்டை மாற்றினாலும் வைத்தியர் சுவரிலுள்ள மணிக்கூட்டின்படி 5.30-க்குத்தான் வருவார். அதனால் முன்பதிவுகளை உள்ளூர் நேரமாகவும் அதனுடன் வலயத்தின் பெயராகவும் சேமிக்கிறோம். மணிக்கூடு அப்படி மாறிய நாடு இது என்பதால் இவ்வாதத்துக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து வந்த முறைப்பாடு

புதிய முறை நடைமுறைக்கு வந்த மூன்றாம் நாள், ரொறன்ரோவில் வசிக்கும் ஒரு மகள், கொழும்பிலுள்ள தாயாருக்காக இணையத்தில் முன்பதிவு செய்யும்போது தாயாரின் பிறந்த திகதி ஒரு நாள் முந்தித் தெரிவதாக எழுதினார். மீண்டும் அதே ஒரு நாள்.

சேர்வர் அனுப்பிய சரம் சரியாகவே இருந்தது. ஆனால் திரையில் அழகாகக் காட்டுவதற்காக ஒரு பக்கத்தில் அதை ஜாவாஸ்கிரிப்ட் திகதிப் பொருளாக மாற்றியிருந்தோம். அம்மொழியின் விதிப்படி, நேரம் சேராத ஐஎஸ்ஓ திகதிச் சரம் யூடிசி நள்ளிரவாக வாசிக்கப்படும். நேரம் சேர்ந்து வலயம் குறிக்கப்படாத சரமோ உள்ளூர் நேரமாக வாசிக்கப்படும். யூடிசி நள்ளிரவு கொழும்பில் அதே நாளின் காலை ஆகையால் இங்கே எவருக்கும் தெரியவில்லை. கிரீனிச்சுக்கு மேற்கே உள்ள ரொறன்ரோவில் அது முந்திய நாளின் மாலை. அப்பக்கத்தில் சரத்தை இடைக்கோடுகளில் பிரித்து ஆண்டு, மாதம், நாள் என மூன்று எண்களாகவே கையாளும்படி மாற்றினோம். மாதத்தைப் பெயராலேயே அச்சிடவும் தொடங்கினோம். 03/10 என்பதைக் கனடாவில் ஒருவரும் கொழும்பில் ஒருவரும் ஒரே மாதிரி வாசிப்பார்கள் என்று நம்ப முடியாது.

மறுபடி செய்வதானால்

எமது பழைய சோதனைகள் எல்லாவற்றிலும் பிறந்த திகதி 1990 ஜனவரி 1. எழுத எளிதான திகதி, பிழை அணுகாத திகதி. இப்போது 1943-இன் ஒரு நாள், 1996 மே 25, 1996 ஒக்டோபர் 26, 1998 மார்ச் 10, 2006 ஏப்ரல் 15 ஆகியவை சோதனைகளில் நிலையாக உள்ளன. ஒவ்வொரு சோதனையும் உலாவியின் வலயம் கொழும்பு, கொல்கத்தா, ரொறன்ரோ ஆகிய மூன்றாக இருக்கும் நிலையில் ஓடுகிறது.

அதைவிட முக்கியமாக, எந்தத் திருத்தத்துக்கும் முன் மேசைகளுக்குச் சென்று, "இதை நீங்கள் எப்படிச் சமாளித்து வந்தீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். பல மாதங்களாக அந்தக் குறிப்பேடு எங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஊழியரைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை. முறைப்பாடு செய்தால் உடனே பதில் வரும் என்ற நம்பிக்கையை நாங்கள் அவருக்குத் தந்திருக்கவில்லை.

தற்போதைய நிலை

பிழையான அறிக்கை பெற்று அதனால் பயணம் தாமதித்தவர்களுக்கு நிலையம் கட்டணமின்றி மீள அறிக்கை வழங்கியது. அடையாள அட்டை இலக்கம் இல்லாத பதிவுகள், பெரும்பாலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போருடையவை, இன்னும் திருத்தப்படவில்லை. அவற்றைத் திறக்கும்போது திகதிக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டம் ஒன்று தோன்றும்; ஊழியர் கடவுச்சீட்டைக் கேட்டுப் பார்த்து உறுதி செய்தால் அது மறையும். மூன்றாம் மேசைக் கணினியின் வலயத்தையும் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று மாற்றிவிட்டோம். தான் திருத்தி வந்தவை சகஊழியர்களின் பிழைகள் அல்ல என்பதை அந்த ஊழியரிடம் மேற்பார்வையாளர் முன்னிலையில் விளக்கினோம்.